மழை வெள்ளமும் டயாலிசிஸ் நோயாளர்களும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்ட ரயிலில் நூற்றுக்கணக்கானோர் டிசம்பர் 19 வரை சிக்கியிருந்தனர். உடல்நலம் உள்ளவர்களுக்கு இவ்வாறு இரண்டு நாட்கள் அகப்பட்டிருப்பது பெருந்துன்பம். டயாலிசிஸ் சிகிச்சையில் இருப்பவர்களுக்கோ அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

காரணம் எளிது. செயலிழந்த சிறுநீரகங்களால் நீரையும் பொட்டாசியத்தையும் போதிய அளவு வெளியேற்ற இயலாது. சிகிச்சை தவறினால் நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத்திணறலை உண்டாக்கும். மிகுந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். சில வேளைகளில் முன்னறிகுறி எதுவும் தோன்றாது.

திடீர் வெள்ளம் சில மணி நேரத்திலேயே சூழ்ந்துவிடும். நம் தெருவில் மழை ஓய்ந்த பின்னரும் மேட்டுப் பகுதியிலிருந்தோ நிரம்பிய ஏரியிலிருந்தோ நீர் வரலாம். ஆகவே, வாசலில் நீர் ஏறும் வரை காத்திராமல், எச்சரிக்கை வெளியான உடனேயே செயல்பட வேண்டும். 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது.

எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியவை:

• டயாலிசிஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த சிகிச்சையை முன்னதாகவே பெற இயலுமா எனக் கேளுங்கள்.

• தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள், சிகிச்சை மையத்திற்கு அருகில் மேடான இடத்திலுள்ள உறவினர் இல்லத்திற்குச் செல்லுங்கள்.

• ஒரு வாரத்திற்கான மருந்துகளையும், மருந்துச் சீட்டு, அண்மைய டயாலிசிஸ் குறிப்பு ஆகியவற்றின் நகல்களையும் நீர் புகாத உறையில் வையுங்கள்.

• இன்சுலின் போடுபவர்கள், மின்சாரம் தடைபட்டால் மருந்தை மண்பானை நீரின் குளிர்ச்சியில், நனையாதபடி மூடி வைக்கலாம். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தலாகாது.

சிகிச்சை தள்ளிப்போனால் உணவே முதல் காப்பு. வழக்கமாக அனுமதிக்கப்பட்ட நீரின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். நிவாரணமாக அன்புடன் தரப்படும் வாழைப்பழமும், குடிநீர் கிடைக்காதபோது கைகொடுக்கும் இளநீரும் பிறருக்கு நல்லவை; உங்களுக்கு அவை பொட்டாசியச் சுமை. மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடியைப் பரிந்துரைத்திருந்தால் அதைக் கைவசம் வைத்திருங்கள்.

வெள்ளநீரில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமிகள் சிறு புண் வழியாகவும் உடலில் புகும். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் உள்ளவர்கள் அதன் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி, சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். வெள்ளத்தில் சிக்கியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அழைத்து, “டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார்” என்பதை முதலிலேயே தெரிவியுங்கள். மீட்புக் குழுவினர் யாரை முதலில் அழைத்துவர வேண்டும் எனத் தீர்மானிக்க அந்தத் தகவல் உதவும்.