ஆங்கில வீட்டுப்பாடம் ஏன் தேங்குகிறது?

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் படிக்கும் 6 பாடங்களுள், வீட்டுப்பாடம் எளிதில் தேங்கிப்போகும் பாடம் ஆங்கிலம். இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லிவிடுவது எளிதென்றாலும், மாணவரும் பெற்றோரும் போடும் கணக்கு ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசை கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றின் மதிப்பெண்களைக் கொண்டு 200க்குக் கணக்கிடப்படுகிறது. மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வைச் சார்ந்து நிற்கிறது. இரண்டிலும் ஆங்கிலத் தாளின் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. எனவே மாலையின் பெரும்பகுதியை அறிவியல் பாடங்களும் தனிப்பயிற்சி வகுப்பும் எடுத்துக்கொண்டபின், 35 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்று ஒதுக்கிவைக்கப்பட்ட ஆங்கிலத்துக்குக் கிடைப்பது உறக்கம் கண்ணைச் சொக்கும் நேரமே. இந்தக் கணக்கு ஓராண்டில் தவறாகிவிடுகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஏனெனில் கல்லூரியில் அதே கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழியாகவே கற்பிக்கப்படுகின்றன.

இப்போதைய பாடத்திட்டத்தின் அளவை முதலில் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் 6 அலகுகளைக் கொண்டது. ஒவ்வோர் அலகிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம் என மூன்று பகுதிகள் உள்ளன. அவற்றோடு இலக்கணமும் எழுத்துப் பயிற்சிகளும் சேர்கின்றன. எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், பள்ளியே வழங்கும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். ஒப்படைப்பு, அதாவது மாணவர் குறித்த நாளுக்குள் தாமே செய்து கொடுக்க வேண்டிய எழுத்து வேலை, இந்த 10க்குள் அடங்குகிறது. எழுத்துத் தேர்வின் 90இல் 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குரியது. எஞ்சிய 70ஐயும் பெறச் சொந்தக் கையால் வாக்கியம் எழுதியாக வேண்டும். குறிப்பெடுத்தல், சுருக்கி எழுதுதல், கடிதம், பிழை திருத்தல் போன்று, பாடத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் விடையளிக்க முடியாத வினாக்களும் இதில் வருகின்றன. தமிழ் வழியில் படிப்பவருக்கும் ஆங்கில வழியில் படிப்பவருக்கும் வினாத்தாள் ஒன்றே. மற்ற பாடங்களைத் தமிழிலேயே படிக்கும் மாணவருக்கு, ஒரு நாளில் அவர் தாமாக எழுதும் ஆங்கில வாக்கியங்கள் பெரும்பாலும் இந்த வீட்டுப்பாடத்தில் மட்டுமே அமைகின்றன; அது விடுபடும் நாளில் ஆங்கிலமே விடுபடுகிறது.

ஆங்கில வகுப்பின் வேலை பல வகைப்பட்டது என்பதையும் அவை ஒன்றுபோல் தேங்குவதில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சொற்பொருள் எழுதுவதும் ஒரு வரி விடை எழுதுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். மறுநாள் குறிப்பேட்டைப் பார்த்தாலே செய்ததும் செய்யாததும் தெரிந்துவிடும். நாளைய பாடத்தை ஒருமுறை வாசித்து வருவதோ எவர் கண்ணுக்கும் படாத வேலை. முதலில் கைவிடப்படுவதும் அதுவே, பின்னர் மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பதும் அதுவே. பாடத்தை வாசிக்காமல் வந்த மாணவருக்கு வகுப்பில் ஆசிரியர் சொல்லும் விளக்கம் பாதிதான் புரிகிறது. பாதி புரிந்த பாடத்தில் வினாவுக்கு விடை எழுத உட்கார்ந்தால் அரைமணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. அந்த அச்சத்தாலேயே விடை எழுதுவதும் தள்ளிப்போகிறது. தேக்கத்தின் தொடக்கத்தைத் தேடுபவர் எழுதாத குறிப்பேட்டில் அல்லாமல், வாசிக்காத அந்த நான்கு பக்கங்களில்தான் அதைக் காண்பர்.

வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் விடுமுறையில் உட்கார்ந்து படித்து ஓரளவு ஈடுகட்டலாம். மொழியில் அது அத்தனை எளிதன்று. ஆங்கில வீட்டுப்பாடம் பயிற்றுவிப்பது செய்தியை விடத் திறனையே. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்பது இயல்பு; ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்தே வந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லின் முன் 'எ', 'தி' ஆகிய சிறுசொற்களில் எதை இடுவது, எப்போது இரண்டையும் விடுவது என்ற வினாவே தமிழில் எழுதுபவருக்கு எழுவதில்லை. இவற்றுக்கான விதிகளை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம்; ஆனால் எழுதும்போது கை தானாக அவற்றைப் பின்பற்றும் நிலை, இடைவெளி விட்டுப் பலமுறை எழுதியபின்தான் வருகிறது. மறதியை அளந்து ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ், ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதை விடப் பல நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது நினைவில் நிற்க உதவுகிறது என்று 1885இல் வெளியிட்ட தம் நூலிலேயே காட்டினார். அவருக்குப் பின் நடந்த 317 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் அந்த முடிவை உறுதிப்படுத்தியது. பிரித்துப் படித்தல் எனப்படும் இந்த முறைதான் அன்றாட வீட்டுப்பாடத்துக்குரிய உண்மையான நியாயம். பத்து நாள் வேலையை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடிப்பவர் பக்கங்களை நிரப்பியிருப்பார், இடைவெளியால் கிடைக்கும் பலனை இழந்திருப்பார்.

பக்கங்களை நிரப்ப எல்லோரும் அறிந்த குறுக்குவழி கைடு. கடைகளில் கிடைக்கும் இந்த விடைநூல்களும், இப்போது கைப்பேசியில் வந்து குவியும் ஆயத்த விடைகளும், வீட்டுப்பாடத்தைக் கையெழுத்துப் பயிற்சியாகச் சுருக்கிவிட்டன. கைடைப் பார்ப்பதே தவறு என்று கருத வேண்டியதில்லை. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவரும் இல்லாத பிள்ளைக்கு அது ஒன்றே துணையாக இருக்கக்கூடும். எப்போது பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாடத்தைப் படித்து, தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களாவது எழுதி முடித்தபின் கைடைத் திறப்பவர், தம் வாக்கியத்தையும் அச்சிலுள்ள வாக்கியத்தையும் ஒப்பிட்டு, எங்கே பிசகினோம் என்று காண்கிறார். எழுதுமுன் திறப்பவரின் கண்ணிலிருந்து கைக்கு எழுத்துகள் செல்கின்றன. நடுவில் மனம் வேலை செய்ய வாய்ப்பில்லை. படித்ததை நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்து எழுதுவோருக்கு, மீண்டும் மீண்டும் வாசிப்போரை விடப் பல நாள் கழித்தும் அது நினைவிருக்கிறது என்று ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனைகள் தெரிவிக்கின்றன.

இதை ஓர் ஒப்படைப்பில் வைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு நூலின் உரைநடைப் பகுதிகளுள் ஒன்று கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்விக்கும் குடும்பம், ஊரில் இறந்தவர்களை உட்கார்த்தி வைக்க அதை எடுத்துச் செல்லத் தொடங்கியபின் அதில் உட்காரவே அஞ்சும் நிலைக்கு வருவதை அந்தக் கதை சொல்லுகிறது. கரிசல் கிராமத்தின் வீடும் திண்ணையும் பேச்சும் தமிழ்நாட்டு மாணவருக்கு அயலானவை அல்ல. கதை தெரிந்தது, மொழி மட்டுமே தடை. அந்தக் குடும்பத்தின் மனமாற்றத்தை ஒரு பத்தியில் எழுதுமாறு ஒரு வார கால அவகாசத்துடன் சொல்லப்பட்டால், மாணவர் பலரும் ஆறு நாள் அதை நினைவிலேயே சுமந்துவிட்டு ஏழாம் நாள் இரவில் உட்காருகின்றனர். அதே வேலையைப் பிரித்தால், முதல் நாள் வாசிப்பு. மறுநாள் கதையில் குடும்பத்தினரின் மனம் மாறும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு சொல் குறிப்பு. மூன்றாம் நாள் நூலை மூடிவைத்து அந்தக் குறிப்புகளைக் கொண்டு பிழையைப் பற்றிக் கவலைப்படாத முதல் வரைவு. ஒரு நாள் இடைவெளி. பின்னர் வினைச்சொற்களை மட்டும் பார்த்துக் காலம் சரியாக இருக்கிறதா என்று ஒரு திருத்தம். ஒவ்வொரு நாளும் கால் மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. இடையில் விடும் ஒரு நாள் வீணன்று. எழுதிய சூட்டில் கண்ணுக்குப் படாத பிழை ஒரு நாள் ஆறியபின் படுகிறது.

வேலையைத் தள்ளிப்போடுவோர் எல்லோரும் மனத்துணிவு குறைந்தவர்கள் அல்லர். தமக்குத் தேவைப்படும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித மனத்தின் பொது இயல்பு. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டனர். கனடாவில் நடந்து 1994இல் வெளியான ஆய்வொன்றில், இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன எண்ணிக்கையைக் கூட அது தாண்டிவிட்டது. இதற்கு மாற்று, வேலையைத் துண்டாக்கித் துண்டுக்கொரு நாள் குறிப்பது. டான் ஆரியலியும் கிளாஸ் வெர்டன்புரோக்கும் 2002இல் வெளியிட்ட சோதனையில், மூன்று ஆங்கிலப் படிகளில் பிழை திருத்தும் வேலை மூன்று வாரக் கெடுவுடன் தரப்பட்டது. வாரத்துக்கொன்று கொடுத்தாக வேண்டும் என்று கட்டளையிடப்பட்டவர்களே மிகுதியான பிழைகளைக் கண்டுபிடித்தனர்; கெடுவைத் தாமே குறித்துக்கொண்டவர்கள் அவர்களுக்கு அடுத்து வந்தனர்; மூன்றையும் கடைசி நாளில் கொடுக்கலாம் என்று விடப்பட்டவர்கள் பிழை கண்டதிலும் பின்தங்கினர், காலந்தாழ்த்தியதிலும் முந்தினர். நீண்ட அவகாசம் தருவது மாணவருக்குச் செய்யும் இரக்கம் என்று எண்ணும் ஆசிரியர் எண்ணிப்பார்க்க வேண்டிய முடிவு இது.

எவ்வளவு நேரம் தேவை என்பதற்கும் ஒரு வழிகாட்டு அளவு உண்டு. வீட்டுப்பாட ஆய்வுகளைப் பல்லாண்டுகளாகத் தொகுத்துவந்த அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர், வகுப்பின் எண்ணைப் பத்தால் பெருக்கிய நிமிடங்கள் ஓர் இரவுக்குப் போதும் என்ற கருத்தை ஆதரித்தவர். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு தொடக்கப் பள்ளியை விட உயர்வகுப்புகளில் வலுவாக இருப்பதையும் அவருடைய தொகுப்புகள் காட்டின. அந்த அளவின்படி பன்னிரண்டாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களுக்குமாக 120 நிமிடம். 6 பாடங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஆங்கிலத்துக்கு 20 நிமிடம். வேதியியல் விழுங்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. உறக்கம் வருமுன், அதாவது தனிப்பயிற்சிக்குப் பின் அல்லாமல் முன், இந்த 20 நிமிடத்தை ஒதுக்கிக்கொள்ளும் மாணவருக்குத் தேக்கம் ஏற்படக் காரணமே இல்லை.

ஆசிரியரின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தச் செய்தி முழுமை பெறாது. ஐம்பது பேர் கொண்ட இரண்டு பிரிவுகளுக்குக் கற்பிக்கும் ஒருவர், ஆளுக்கு ஒரு பத்தியை மூன்று நிமிடத்தில் திருத்தினாலும் 5 மணி நேரம் ஆகிறது. ஆகவே பல குறிப்பேடுகள் ஒரு சரிக்குறியோடும் சுருக்கொப்பத்தோடும் திரும்பிவருகின்றன. எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று ஒருமுறை கண்டுகொண்ட மாணவர், அடுத்த முறை எழுதுவதற்கான காரணத்தையே இழந்துவிடுகிறார். எல்லாவற்றையும் திருத்த முயல்வதை விட, வாரத்துக்கு ஒரு பத்தியை மட்டும், அதிலும் ஒரு வகைப் பிழையை மட்டும் அடையாளமிட்டுத் திருப்பித் தருவது ஆசிரியருக்கும் இயலும், மாணவருக்கும் பயன்படும். விடுபட்ட வேலைக்குத் தண்டனையாக இம்போசிஷன் தருவதோ, ஏற்கெனவே நேரமற்றவரின் நேரத்தை மேலும் பறித்து, எழுதுவது என்பதையே தண்டனையாக அவர் மனத்தில் பதியவைக்கிறது.

ஏற்கெனவே பின்தங்கிவிட்ட மாணவர் பெரும்பாலும் செய்யும் தவறு, மிகப் பழைய நிலுவையிலிருந்து வரிசையாகத் தொடங்குவது. ஜூலை மாத வேலையை அக்டோபரில் எழுதிக்கொண்டிருப்பவருக்கு அக்டோபர் மாத வேலையும் நிலுவையாகிறது. இன்று வகுப்பில் நடக்கும் பாடத்தோடு முதலில் சேர்ந்துகொண்டு, பழையவற்றுள் சொற்பொருளையும் ஒரு வரி விடைகளையும் ஒதுக்கிவிட்டு, வாரத்துக்கு ஒரு பழைய பத்தியை மட்டும் சொந்த வாக்கியத்தில் எழுதி முடிப்பதே நடக்கக்கூடியது. அதற்கு ஆசிரியரின் இசைவு வேண்டும். இசைவு கிடைக்க, நிலுவை இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் பள்ளிகள் திருப்புதல் தேர்வுகளுக்குள் நுழைந்துவிடுவதால், இப்படி ஒரு பத்தியை நிதானமாகத் திருத்திப் பெறும் வாய்ப்பு அதற்கு முன்னரே உள்ளது. பாதியில் நின்ற விடையை வாங்கிப் பார்க்கும் ஆசிரியருக்கு, மாணவர் எந்த வாக்கியத்தில், எந்தச் சொல்லில் தடுமாறி நின்றார் என்பது தெரிகிறது. கைடிலிருந்து பிழையின்றிப் பெயர்த்தெழுதிய இரண்டு பக்கங்கள் அவருக்கு அதைத் தெரிவிப்பதில்லை.