குறுவைக்கு ஒரு செல்போன் அட்டவணை: அறுவடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்!

நன்றாக விளைந்த குறுவை நெல்லும் கடைசிப் பத்து நாட்களில் கையை விட்டுப் போவதுண்டு. அறுவடை இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நாளில் மழை பிடித்துக்கொள்ளும். கதிர் சாய்ந்து, வயலிலேயே முளைவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வழக்கமான அனுமதி. அதற்கு மேல் போனால் காயவைக்கும் கூலியும் நம் தலையில்தான். இந்தத் தாமதத்தின் வேர் பல நேரங்களில் ஜூன், ஜூலை மாதங்களிலேயே இருக்கிறது.

பாலம், கட்டடம் கட்டுபவர்கள் வேலைகளைத் தேதிவாரியாகத் திட்டமிட மென்பொருள் பயன்படுத்துகிறார்கள். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும், ஒன்று தள்ளினால் எவையெல்லாம் தள்ளும் என்பதை அது காட்டிவிடும். நெல் சாகுபடியும் அப்படிப்பட்ட வேலைதான். இதற்காகத் தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸ் செயலியே போதும்.

முதலில் கடைசித் தேதி

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, அக்டோபர் 5-ல் அறுவடை என்று வைத்துக்கொள்வோம். 105 நாள் வயதுள்ள ரகம் என்றால், பின்னோக்கிக் கணக்கிடும்போது இப்படி வரும்:

- நாற்றங்காலில் விதைப்பு: ஜூன் 22
- நடவு (20 நாள் நாற்று): ஜூலை 12
- களை முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லி (நட்ட 3-ம் நாள்): ஜூலை 15
- கதிர் உருவாகும் பருவ மேலுரம் (அறுவடைக்குச் சுமார் 65 நாள் முன்): ஆகஸ்ட் 1
- பூக்கும் பருவம் (அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்): செப்டம்பர் 5
- அறுவடை இயந்திரம் பேசி வைப்பது: செப்டம்பர் 15
- வயலில் தண்ணீர் வடிப்பது: செப்டம்பர் 25

அட்டவணை போடும் முறை

வேலை, திட்டத் தேதி, இப்போதைய தேதி, செலவு என நான்கு பத்திகள் போதும். திட்டத் தேதியை ஒருமுறை எழுதிவிட்டு மாற்றாமல் விடுங்கள். ‘இப்போதைய தேதி’ பத்தியில்தான் கணக்கு நடக்க வேண்டும்.

அங்கே விதைப்புத் தேதியை மட்டும் கையால் எழுதுங்கள். நடவுக்குரிய கட்டத்தில் சமக்குறி போட்டு, விதைப்புத் தேதி உள்ள கட்டத்தைத் தொட்டு, கூட்டல் 20 என்று போடுங்கள். நடவுத் தேதியோடு 85-ஐக் கூட்டினால் அறுவடை. நடவோடு 3-ஐக் கூட்டினால் களைக்கொல்லி. மற்றவற்றை அறுவடைத் தேதியிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இனி ஆள் கிடைக்காமல் நடவு ஜூலை 17-க்குத் தள்ளிப்போனால், நடவுக் கட்டத்தில் அந்தத் தேதியைப் போட்டாலே போதும். அறுவடை அக்டோபர் 10 என்று உடனே மாறிவிடும். இயந்திரக்காரரிடம் தேதி மாற்றிச் சொல்ல இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும்.

எதில் பொறுக்கலாம், எதில் கூடாது?

நாற்று வளரும் 20 நாளிலேயே நடவு வயலையும் தயார் செய்கிறோம். வயல் தயாரிப்புக்கு 10 நாள் போதுமென்றால் கையில் இன்னும் 10 நாள் இருக்கிறது. டிராக்டர் மூன்று நாள் தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. ஆனால், நாற்றங்கால் விதைப்பிலோ நடவிலோ ஒரு நாள் தள்ளினால், அது அறுவடையையும் தள்ளும்; நாற்று முற்றினால் தூரும் குறையும். ஆகவே, கைக்காசையும் ஆளையும் முதலில் இந்த இரண்டு வேலைக்கு ஒதுக்க வேண்டும். அட்டவணையின் முழுப்பயனும் இதைப் பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

பத்துப் பேர் சேர்ந்தால்...

ஒரே தாளைப் பலர் தங்கள் செல்போனில் பார்க்கலாம், எழுதலாம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகூட அங்கிருந்தே தேதியைத் திருத்தித் தரலாம். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் பத்துப் பேர் தங்கள் அறுவடைத் தேதியையும் பரப்பையும் ஒரே தாளில் பதிந்தால், எந்த நாளில் எத்தனை ஏக்கர் என்பது தெரிந்துவிடும். ஒரு ஏக்கருக்காக வரத் தயங்கும் இயந்திரக்காரர், தொடர்ச்சியாக 15 ஏக்கர் என்றால் யோசிக்காமல் வருவார். வாடகையையும் பேசிக் குறைக்க முடியும்.

தேதி வழிகாட்டும், பயிர்தான் முடிவு சொல்லும்

‘ஆகஸ்ட் 1, மேலுரம்’ என்றிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைப் பிரிக்கக் கூடாது. தேதி நெருங்கியதும் வயலில் இறங்கி, தாய்த்தூரைப் பிடுங்கி, தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே இளங்கதிர் வெள்ளையாகத் தெரிந்தால் இடலாம். குளிர், நிழல், தண்ணீர்த் தட்டுப்பாட்டால் பருவம் சில நாள் முன்பின் ஆகலாம். அப்போது அட்டவணையைத்தான் திருத்த வேண்டும்.

அறுவடை முடிந்ததும் தாளை அழித்துவிடாதீர்கள். திட்டத் தேதியையும் நடந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாள் எங்கே போனது, பணம் எங்கே போனது என்று தெரியும். இரண்டு மூன்று பருவம் சேர்ந்தால், ‘நம் ஊரில் நடவுக்கு ஆள் கிடைக்க ஐந்து நாள் கூடுதலாக ஆகிறது’ என்பது போன்ற உண்மை புலப்படும். அந்த ஐந்து நாளை அடுத்த குறுவையில் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டால், நெல் மழைக்கு முன்பே களம் வந்து சேரும்.