78 வயதில் துணி இறக்கை விமானத்தை ஓட்டிய டாடா முதலாளி

பெருந்துறை: மண்டிக்கு மஞ்சள் மூட்டை ஏற்றி வரும் 'சின்ன யானை' வண்டியில் இருந்து அடுப்படியில் இருக்கும் உப்பு பாக்கெட் வரைக்கும், டாடா பெயரைப் பார்க்காத வீடு நம்ம பக்கம் கிடையாது. அந்த டாடா நிறுவனத்தை 1938 முதல் 1991 வரை தலைவராக இருந்து நடத்தியவர் ஜே.ஆர்.டி.டாடா. 1993 நவம்பர் 29-ந் தேதி சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா நகரில் 89-வது வயதில் காலமானார். அவருக்காக நாடாளுமன்றமே ஒத்திவைக்கப்பட்டது. எம்.பி.யாக இல்லாத ஒருத்தருக்கு இந்த மரியாதை ரொம்ப அபூர்வம்.

பெரிய பணக்காரர், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. அவர் பட்டாளத்தில் இருந்தவர். இந்தியாவில் விமானி லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள். சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய் வரும் தொழிலாளிக்கும் அவருக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

குதிரைப்படை சிப்பாய்

1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தவர் ஜே.ஆர்.டி. அப்பா பார்சி, அம்மா பிரான்சு நாட்டுக்காரர். சின்ன வயதில் லீவுக்குப் போகும் கடற்கரை ஊரில் பக்கத்து வீடு யாருடையது தெரியுமா? 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை முதன் முதலாக விமானத்தில் தாண்டிய பிளேரியோவின் வீடு! அந்தக் கடற்கரையில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த பையன், 15 வயதில் அங்கேயே ஒரு விமானத்தில் ஏறி ஒரு சுற்று சுற்றி வந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசி வரைக்கும் விடவில்லை.

20 வயதில் பிரான்சு ராணுவத்தில் கட்டாய சேவை. குதிரைப்படைப் பிரிவில் ஒரு வருஷம் இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பட்டாளத்திலேயே இருக்க ஆசை. அப்பா விடவில்லை, இந்தியாவுக்கு வரச் சொல்லிவிட்டார். அவர் கிளம்பிய பிறகு அந்தப் பிரிவு மொராக்கோ போருக்கு அனுப்பப்பட்டு அழிந்து போனதாகச் சொல்வார்கள். அப்பா பேச்சைக் கேட்டதால் உயிர் தப்பியது!

1929-ல் பிரான்சு குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியர் ஆனார். அதே வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி மும்பையில் லைசென்ஸ் கையில் கிடைத்தது. அதில் இருந்த எண் 1.

போட்டியாளுக்குக் கொடுத்த ஸ்பார்க் பிளக்

1930-ல் ஆகாகான் அறிவித்த ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியில் இருந்து கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற பையன் (என்ஜினீயர் என்பது குடும்பப் பெயர்) லண்டனில் இருந்து கிளம்பினார். இரண்டு பேரும் எகிப்து நாட்டில் சந்தித்தார்கள். ஆஸ்பிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, வண்டி நின்றுவிட்டது. ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார்.

சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு யாருக்குப் போனது? ஆஸ்பிக்குத்தான். ஜே.ஆர்.டி. வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆஸ்பிதான் பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து ஒரு குட்டி விமானம் கிளம்பியது. பெயர் 'புஸ் மோத்'. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. சுமை சுமார் 25 கிலோ தபால். லண்டனில் இருந்து கராச்சி வரைக்கும் வெள்ளைக்காரன் கம்பெனி விமானத்தில் வந்த தபாலை, அங்கிருந்து மும்பைக்கும் சென்னைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது விமானத்துக்கு ஊற்ற பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. நம்பித்தான் ஆகணும்!

மும்பையில் ஜூகு மைதானத்தில் ஜே.ஆர்.டி. இறங்கியதும் தபால் பை கை மாறியது. இங்கிலாந்து விமானப்படையில் இருந்து வந்த நெவில் வின்ட்சென்ட் அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இந்தத் திட்டத்தை முதலில் யோசித்தவரே அவர்தான். ராத்திரியில் ஓட்ட வசதி இல்லாததால் பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். டாடா விமானத்தின் முதல் தபால் தமிழ்நாட்டுக்கு வந்த கதை இது. வின்ட்சென்ட் பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. 1942-ல் உலகப்போர் நேரத்தில் அவருடைய விமானம் காணாமல் போனது.

அந்தக் காலத்து விமானம் எப்படி இருக்கும்? இறக்கைக்கு மரச்சட்டம், அதன் மேல் துணி. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, 'டோப்' என்ற ஒருவகை வார்னிஷ் அடிப்பார்கள். காய்ந்ததும் துணி சுருங்கி, மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். பாவுக்குக் கஞ்சி போடும் சென்னிமலை நெசவாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் ரேடியோ கிடையாது. திசை காட்டும் கருவி, மேப், கீழே தெரியும் ரெயில் தண்டவாளம், ஆறு, கடற்கரை... இவைதான் வழிகாட்டி. என்ஜின் ஒன்றுதான். அது நின்றால் பக்கத்தில் எந்த வயல் இருக்கிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான்.

வளர்த்தவரிடம் இருந்து பறித்தார்கள்

அந்தக் குட்டி தபால் கம்பெனிதான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8-ந் தேதி மும்பையில் இருந்து லண்டனுக்குப் பறக்க ஆரம்பித்தது. 1953-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அதில் துளியும் இஷ்டம் இல்லை. ஆனாலும் தலைவர் பதவியில் இருக்கச் சொல்லி அரசு கேட்டபோது சம்மதித்தார். அதற்குச் சம்பளமும் வாங்கவில்லை.

விமானத்தில் போகும்போதெல்லாம் நோட்டில் குறிப்பு எழுதுவார். திரைச்சீலை எப்படி இருக்கு, கழிவறை சுத்தமா என்று பார்ப்பார். டீக்கும் காபிக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியலைன்னு கூட எழுதி அனுப்பியிருக்கிறார். 25 வருஷம் இப்படிப் பார்த்துக்கொண்டவரை, 1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு தலைவர் பதவியில் இருந்து தூக்கிவிட்டது. 1980-ல் இந்திரா காந்தி அவரை நிர்வாகக் குழுவில் மறுபடியும் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பி வரவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1975-ல் எமர்ஜென்சி வந்தபோது அதற்கு ஆதரவாகப் பேசினார். அது அவர் கணக்கில் ஒரு கழித்தல்தான்.

மீண்டும் கராச்சியில் இருந்து...

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானம் பறந்து சரியாக 50 வருஷம். ஜே.ஆர்.டி.க்கு வயது 78. ஜெட் விமானங்கள் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும் காலம். அவரோ 'லெப்பர்ட் மோத்' என்ற பழைய விமானத்தில் தன்னந்தனியாக ஏறினார். 'புஸ் மோத்' செய்த அதே டி ஹாவிலண்ட் கம்பெனி 1930-களில் செய்த விமானம் அது. கராச்சி இப்போது பாகிஸ்தானில். அங்கிருந்து கிளம்பி, அதே ஆமதாபாத் வழியாக, அதே மும்பைக்கு வந்து இறங்கினார். 30 வருஷம் ஆனபோது, 1962-லும் இதேபோல ஓட்டி வந்தவர்தான். ஆனால் 58 வயது வேறு, 78 வயது வேறு.

வேண்டாத வேலை என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் சொன்ன காரணம் இதுதான்: நாட்டில் எதைப் பார்த்தாலும் சலிப்பு, எதுவும் உருப்படாது என்ற பேச்சு, ஆரம்பத்தில் எவ்வளவு ஆசையோடு உழைத்தோம் என்பதை இளவட்டங்களுக்குக் காட்டணும். கையில் இருந்த கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த முதல் பயணத்தை யாராலும் அவரிடம் இருந்து எடுக்க முடியாதே!

விமானப்படை அவருக்கு 1974-ல் கவுரவ ஏர் வைஸ் மார்ஷல் பதவி தந்தது. 1992-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. அடுத்த வருஷமே மறைந்தார். பிறந்த ஊரான பாரீசிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2022 ஜனவரி 27-ந் தேதி ஏர் இந்தியா மறுபடியும் டாடா கைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

வீட்டை விட்டுக் கிளம்பினாலே டூட்டி

இப்போது சிப்காட் தொழிலாளி விஷயத்துக்கு வரலாம். ஜே.ஆர்.டி. தலைவராக இருந்த காலத்தில், 1979-ல், டாடா ஸ்டீல் ஒரு முடிவு எடுத்தது. தொழிலாளி வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பி வீடு வந்து சேரும் வரை டூட்டியில் இருப்பதாகவே கணக்கு. வழியில் அடிபட்டால் கம்பெனிதான் பொறுப்பு. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே செய்தார்கள்.

சட்டம் வர 31 வருஷம் ஆனது. 2010-ல்தான் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில், வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்த விபத்தாகக் கருதும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்பு சட்டத்திலும் இது இருக்கிறது. ஊத்துக்குளி, குன்னத்தூர், விஜயமங்கலம் பக்கம் இருந்து பைக்கில் வந்து போகிறவர்கள் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருக்கணும். ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்கு வரும் வழியில் அடிபட்டால் கேட்கலாம். வேலை முடிந்து வேறு ஊருக்கு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும் வழியில் அடிபட்டால் கேட்பது கஷ்டம். அதனால் விபத்து நடந்தால் முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. ஷிப்டு நேரம் காட்டும் வருகைப் பதிவு, போலீஸ் எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தால் பின்னால் அலைய வேண்டியதில்லை.