பில்ட் வரிகளும் மறைந்துபோகும் எச்சரிக்கையும்

2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸுக்குத் துணையாக, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு அமைத்த பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. மூலநிரல் பகிரங்கமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை இறக்கித் தன் கணினியிலேயே தொகுத்துப் பார்க்கும் பாக்கியம், இதனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரியில் படிக்கும் மாணவனுக்கும் வாய்த்தது. ஆனால் அந்தக் காரியத்தில் முதன்முதலாக இறங்குகிறவன் காண்பது, திரையில் கண் தொடர முடியாத வேகத்தில் ஓடி மறையும் வரிகளின் பிரவாகத்தையே. அவற்றுள் எது வெறும் சமாசாரம், எது அபாய அறிவிப்பு என்று பகுத்துச் சொல்ல அருகில் நிபுணர் ஒருவர் இல்லாதபோது, அவன் மனம் சோர்ந்து கணினியை மூடிவிட்டால் குற்றம் அவனுடையதாகாது. அத்தனையையும் ஒரே குரலில் உரைக்கும், தொகுப்பை நடத்தும் பில்ட் முறையினுடையது என்பதே என் அபிப்பிராயம்.

இம்முறைகளுக்கெல்லாம் மூதாதையான ‘மேக்’ என்னும் கருவியை, 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றினார். அவருடைய சகாவான ஸ்டீபன் ஜான்சன், நிரலில் இருந்த பிழையை முன்பே திருத்தியிருந்தும், திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டு, சரியான நிரலிலேயே பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியதுதான் அதற்குத் தூண்டுகோல். எந்தக் கோப்பு மாறியது, அதனால் எவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மனிதனின் ஞாபகத்தினின்று விடுவித்துக் கருவியின் பொறுப்பில் வைத்த அந்த ஏற்பாட்டுக்கு, 2003-இல் ஏசிஎம் என்னும் கணினியியல் சங்கத்தின் மென்பொருள் விருது கிடைத்தது.

‘மேக்’ தான் நிறைவேற்றப்போகும் ஒவ்வொரு கட்டளையையும் முதலில் திரையில் முழுமையாக எழுதிவிட்டே நிறைவேற்றும். பத்துக் கோப்புகள் கொண்ட நிரலில் அது உபகாரம்; ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட லினக்ஸின் உட்கருவான கெர்னலிலோ, ஒரு கோப்பைத் தொகுக்கும் கட்டளையே பல வரிகளுக்கு நீளும். போதாக்குறைக்கு, ‘மேக்’கின் குனு வடிவம் ஒவ்வோர் அடைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தனித்தனியே அறிவிக்கும். இவற்றின் நடுவே, ‘இம்மாறி மதிப்பு அளிக்கப்படுமுன்னரே பயன்படுத்தப்படுகிறது’ என்று, மூலநிரலைத் தொகுக்கும் கம்பைலர் ஒரே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியிருக்கும். அடுத்த நூறு வரிகள் அதை மேலே தள்ளிவிடும். சங்கரன்கோவில் பகுதியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் அறிவார்கள்: ஊடைநூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்துவதற்கு ஒரு பொறி உண்டு; அறாமல் ஓடும் ஒவ்வொரு வீச்சுக்கும் அது மணியடித்துக்கொண்டிருக்குமானால், அறுந்த நூலை யார் கவனிக்க முடியும்?

பரிகாரங்கள் பல காலமாக வளர்ந்து வந்தன. மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியைக் கட்டளையின் முன்னால் இட்டால், ‘மேக்’ அதைத் திரையில் காட்டாமலே நிறைவேற்றும். கெர்னலை உருவாக்குவோர் இதனினும் நயமான வழியைக் கைக்கொண்டார்கள்: நீண்ட கட்டளைக்குப் பதிலாக ‘சிசி’ என்ற இரண்டு எழுத்தும் கோப்பின் பெயரும் மட்டுமே வரும், முழுக் கட்டளையும் வேண்டுவோர் ‘வி’ என்ற மாறிக்கு ஒன்று என்று மதிப்புக் கொடுத்தால் போதும். கூகுளின் குரோம் உலாவிக்காக இவான் மார்ட்டின் எழுதிய ‘நிஞ்சா’ இன்னும் ஒரு படி சென்று, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்தெழுதி, எத்தனை காரியம் முடிந்தது, இப்போது நடப்பது எது என்பவற்றை மட்டும் தெரிவிக்கிறது. ஏதேனும் ஒன்று தவறினால், அப்போது அதன் கட்டளையை முழுவதும் எடுத்துவைக்கிறது. ஒரே சமயத்தில் பல கோப்புகள் தொகுக்கப்படும்போது அவற்றின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து அர்த்தமிழக்கும் உபத்திரவமும் அதில் இல்லை. ஒவ்வொன்றின் செய்தியும் சேர்த்துவைக்கப்பட்டு ஒருங்கே வெளிவரும். குனு ‘மேக்’கில் இவ்வசதி 2013-இல் வெளிவந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது.

வழக்கமான செய்தியை அடக்குவது வேறு, எச்சரிக்கையை அடக்குவது வேறு. எச்சரிக்கை மிகுந்தால் அதற்குக் காரணமான நிரலைத் திருத்துவதே முறை. 2021-இல் லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலில் எச்சரிக்கைகளையே பிழைகளாகக் கருதி நிறுத்தும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது இந்த நோக்கத்தினால்தான். கண்ணுக்குத் தொல்லை என்று கம்பைலரின் வாயை அடைப்பவர்கள், பிழையைப் பத்திரமாகப் பயனரிடம் அனுப்பிவைக்கிறார்கள்.

அதே சமயம், பாஸ் லினக்ஸுக்கு ஆதாரமான டெபியனின் விதிகள், மென்பொருள் பொட்டலங்களைத் தொகுக்கையில் செய்திகள் கூடியவரை விரிவாகவே இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே தொகுப்பு நடப்பது ஒருவரும் பார்த்துக்கொண்டிராத இயந்திரங்களில். பின்னர் அந்தச் செய்திகளின் பதிவேட்டைப் படிப்பவை பெரும்பாலும் நிரல்கள். அவற்றுள் ஒன்று, பாதுகாப்புக்குரிய தெரிவுகள் ஒவ்வொரு கட்டளையிலும் கம்பைலருக்கு அளிக்கப்பட்டனவா என்று வரி வரியாகச் சோதிக்கிறது. ‘சிசி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சோதனைக்கு ஆதாரமே இராது. ஆகவே திரையில் சுருக்கமும் கோப்பில் விரிவும் என்ற இரண்டும் ஒருங்கே அமைவதே நான் விரும்பும் ஏற்பாடு.

அது இன்னும் எல்லா மென்பொருளிலும் அமையவில்லையாதலால், தொடக்க நிலை மாணவர் கைக்கொள்ளத்தக்க உபாயம் ஒன்றுண்டு. பல காரியங்கள் ஒருங்கே நடக்கும்போது, ஒன்று தவறிய பின்னும் ஏற்கெனவே தொடங்கியவை முடியும் வரை செய்திகள் வந்துகொண்டிருப்பதால், உண்மையான பிழை மேலே புதைந்துவிடுகிறது. அப்போது, ஒரு சமயத்தில் ஒரு காரியமே செய்யுமாறு ‘மேக்’கை மறுபடி ஓட்டினால், அது தடைப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும், தேடிய பிழையும் திரையின் கடைசி வரிகளிலேயே அகப்படும்.