மனை வாங்கும் முன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்

தென்காசி, குற்றாலம் பக்கம் வீடு கட்ட மனை பார்க்கிறவர்கள் பாதை, பட்டா, போர்த் தண்ணீர் என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் கழிவுநீரை அந்த மண் உறிஞ்சுமா என்று கேட்பவர்கள் குறைவு. பாதாளச் சாக்கடை இல்லாத கிராமத்தில் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கியாக வேண்டும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 1920களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரியான் வகுத்தது. நம் ஐ.எஸ். 2470 தரக்குறியீட்டிலும் அதே அடிப்படைதான். உறிஞ்சு குழி அமையப்போகும் ஆழத்துக்கு, 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி வெட்டுங்கள். பக்கங்களைக் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளி, அடியில் 5 செ.மீ. சரளை போடுங்கள். அதற்கு மேல் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் நீர்மட்டத்தை 15 செ.மீ. அளவில் வைத்து, அரை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நான்கு மணி நேரம் அளக்க வேண்டும். கடைசி அரை மணியின் அளவே கணக்கு.

25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்குள் ஆனால் உறிஞ்சு குழி போதும். 60 வரை என்றால் ஆழம் குறைந்த நீளமான சரளைக் கால்வாய் வேண்டும். அதையும் தாண்டினால் வேறு சுத்திகரிப்பு வழிதான். 25 நிமிடம் ஆகும் மண்ணில் ஒரு சதுர மீட்டர் சுவர் நாளுக்குச் சுமார் 41 லிட்டரை ஏற்கும். நாளுக்கு 500 லிட்டர் வெளியேற்றும் வீட்டுக்கு 5 அடி விட்டத்தில் எட்டரை அடி ஆழக் குழி தேவை. கொத்தனார் வழக்கமாக இறக்கும் நாலு உறை இதற்குப் போதுமா என்பதை மண்தான் சொல்ல வேண்டும்.

ஓரிரவு ஊறவைப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சங்கரன்கோவில் பக்கக் கரிசல், கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஊற்றிய தண்ணீர் வெடிப்பு வழியே மளமளவென இறங்கி, நல்ல மண் என்று நம்ப வைத்துவிடும். நனைந்து உப்பியதும் அதே மண் வாயை மூடிக்கொள்ளும். குற்றாலத்தை ஒட்டிய வயல் மனைகளில் சிக்கல் வேறு. சித்திரையில் காய்ந்து கிடக்கும் நிலம், ஜூன் முதல் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஊறிப்போகும். நிலத்தடி நீர் குழியின் அடியைத் தொட்டுவிட்டால் கழிவுநீர் நேரே ஊற்றில் கலக்கும். ஆகவே மழைக்காலத்தில் சோதிப்பதே என் உறுதியான பரிந்துரை. விற்பவர் அவசரப்படுத்தினால், பக்கத்துக் கிணற்றில் மழைக்கால நீர்மட்டம் எவ்வளவு என்றாவது அங்கேயே விவசாயம் பார்த்தவரிடம் கேளுங்கள்.

மலையடிவாரத்தில் தண்ணீர் மிக வேகமாக இறங்குவதும் நல்லதல்ல. பாறை இடுக்கு வழியாக அது வடிகட்டப்படாமலே கிணற்றை எட்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி, இடைவெளி வேண்டும். மூன்று சென்ட் மனை சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 36 அடிதான் வரும். உங்கள் மனைக்குள் அந்த இடைவெளி கிடைக்காது. பக்கத்து வீட்டு உறிஞ்சு குழியும் உங்கள் கணக்கில் சேர்கிறது. எனவே மனை பிரிக்கும்போதே எல்லாக் கிணறுகளையும் மேட்டுப் பக்கத்திலும் எல்லாக் குழிகளையும் பள்ளத்துப் பக்கத்திலும் வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.