கடன் பட்டவரும் கேட்க வந்தவரும்

பெங்களூரில் தவணை தவறிய ஒருவர் கைப்பேசி ஒலித்தும் எடுக்காமல் இருந்தால், அழைத்தவர் அதை வஞ்சகமென்றே முடிவு கட்டுகிறார். எடுக்காதவருக்கோ, கொடுப்பதற்குப் பணமும் சொல்வதற்கு ஒரு தேதியும் இல்லாத வேளையில் வாய் திறக்க நேரிடுமே என்ற அவமான பயம்தான் அதற்குக் காரணம்.

கேட்பவரின் கடுமையிலும் பெரும்பகுதி பயிற்சியால் வந்ததே. வசூல் ஊழியர்களின் நடுவே இருந்து ஆராய்ந்த ராபர்ட் ஸட்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், குரலில் அவசரமும் சிறிது எரிச்சலும் தொனிக்க வேண்டுமென்றும், கோபித்துக் கத்துபவரிடம் மாத்திரம் நிதானம் காட்ட வேண்டுமென்றும் அவர்கள் பழக்கப்படுவதை 1991இல் விவரித்தார். மறுமுனையில் இருப்பவரின் நிலை வேறு. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2013இல் 'ஸயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நாட்களில் அதே மனிதர்கள் அறுவடைக்குப் பின் இருந்ததைவிடச் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கியதைக் காட்டியது. அப்படிக் கலங்கிய மனத்திடம் உரத்த குரலில் கேட்டால், அந்த நேரத்துக்குத் தப்பிக்க ஒரு பொய்த் தேதிதான் வரும். அது தவறியதும் அடுத்த குரல் இன்னும் உரக்கும்.

குழுக்கடனில் இந்த வேதனை பன்மடங்காகிறது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில், கேட்க வருகிறவர் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை, பணம் வரும்வரை கூட்டம் கலையாது என்று அவர் உட்கார்ந்துவிட்டால், நேற்றுவரை குழம்புக்குப் புளி கொடுத்து வாங்கிய அண்டை வீட்டுக்காரியே, "ஏன்க்கா, உன்னால நாங்களும் கட்டணுமா?" என்று கேட்கிறாள். கடனைத் தீர்த்த பின்னும் அந்தச் சொல் தீர்வதில்லை. ஒரு தெருவின் சிநேகத்தையே ஈடாகப் பிடிக்கும் இம்முறையை நான் கொடுமையென்றே கருதுகிறேன்.

கர்நாடகத்தில் இத்தகைய நெருக்குதலால் உயிர்களே போன பிறகு, 2025 பிப்ரவரியில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. தண்டனை மிகையென்று முதலில் திருப்பியனுப்பிய கவர்னர் பின்னர் ஒப்புதல் அளித்த அச்சட்டப்படி, வற்புறுத்தி வசூலிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதற்கு முன்பே, 2022இல், ரிசர்வ் வங்கி நுண்கடன் வசூலுக்கு வரம்பு விதித்திருந்தது: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது; வசைமொழி கூடாது; உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்யக் கூடாது.

சட்டம் மிரட்டலைத் தடுக்கலாம். பேச்சைத் தொடங்கி வைக்க அதனால் ஆகாது. ஆகையால், தவணை தவறும் என்று தெரிந்த அன்றே, அழைப்புக்குக் காத்திராமல், இவ்வளவுதான் இப்போது முடியும் என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வசூலில் அத்துமீறல் நேர்ந்தால் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.