கடை விரிப்போம் – 9: தேடி வருவார் என்று காத்திராதீர்கள்

“கூகுளில் நம்ம கடை முதலில் வர என்ன செய்யணும்?” புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது இதைத்தான். முதல் வருடத்தில் இந்தக் கேள்வியே வேண்டாம் என்பது என் கட்சி.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள மீனவர் ஊர் இனயம். அங்கிருந்து ஒரு பெண் நெத்திலிக் கருவாட்டை வெளியூர்களுக்கு விற்க முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கருவாடு’ என்று தேடினால் பழைய, பெரிய விற்பனைத் தளங்களே முன்னால் நிற்கும். ஊர்ப் பெயரைப் போட்டாலோ, 2016-ல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்த துறைமுகத் திட்டமும் அதை எதிர்த்த மீனவர் போராட்டமுமே செய்திகளாகக் குவிந்து கிடக்கும். இன்ன பொருள் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவருக்குத்தான் தேடுபொறி வழிகாட்டும். இந்தப் பெண்ணின் கருவாடு இருப்பதே தெரியாதவர் எதைச் சொல்லித் தேடுவார்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் யூடியூபில் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. வயலோரத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைப்பதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் தேடிப் போகவில்லை. கண்ணில் பட்டது, பிடித்துப்போனது, பகிர்ந்தார்கள்.

கருவாடு வாங்க யோசிப்பவரின் பயம் மணல். எந்த மீனைக் காயவைத்தார்கள், எப்போது பிடித்தது என்பது அடுத்த சந்தேகம். கரையில் மீன் வந்து இறங்குவது, கழுவி உப்பிடுவது, தரையில் பரப்பாமல் உயரக் கட்டிய வலையில் காயவைப்பது, இவற்றை அரை நிமிட ரீல்ஸாகப் போட்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு வழியாக அது வளைகுடா வரை போகும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; தென்மேற்கு மழையும் அப்போதுதான். மே மாதத்திலேயே காயவைத்து முடித்து, இருப்பு எவ்வளவு என்று ஸ்டேட்டஸில் சொல்லிவிட வேண்டும்.

ஒரே தளத்தை நம்பிவிடவும் கூடாது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அதில் மட்டுமே ஆள் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் எல்லாரையும் இழந்தார்கள். ஆகவே, வாங்கியவரின் பெயர், தொலைபேசி எண், என்ன வாங்கினார் என்பதை அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதற்குக் காசில்லை, அதையும் செய்துவிடுங்கள். இணையதளம் பிறகு வரட்டும். உங்கள் கடைப் பெயரைச் சொல்லியே ஆட்கள் தேடத் தொடங்கும்போது அதற்கு வேலை இருக்கும்.

இணையதளத்துக்காக எடுத்து வைத்திருக்கும் பணத்தை, நல்ல உலர்த்தும் வலைக்கும் காற்றுப் புகாத பொட்டலத்துக்கும் முதலில் செலவிடுங்கள்.